விறைத்த தசைக்கு வயிற்றில் ஒரு மருந்து பம்ப்: யாருக்கு உதவும், எங்கே சறுக்கும்?

தசை விறைப்பைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரையைப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். அவ்வளவு கொடுத்தும் கால் விறைப்பு தளராமல், ஆள் மட்டும் பகலெல்லாம் தூங்கி வழிகிற நிலை பலருக்கு வருகிறது. அதே மருந்தைத் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் திரவத்தில் நேராகச் சேர்த்தால், தண்டுவடப் பாதிப்பால் விறைப்பு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 300 முதல் 800 மைக்ரோகிராம் போதும். ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மாத்திரையாக உள்ளே போனதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. கடுமையான தசை விறைப்புக்காக வயிற்றுத் தோலுக்கு அடியில் மருந்து பம்ப் வைக்கும் சிகிச்சை முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இந்தச் சிகிச்சை என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்விகள் அறுவை சிகிச்சையைப் பற்றியவை. எவ்வளவு நேரம் ஆகும், ஆபத்து உண்டா, எத்தனை நாள் படுக்கை. கேட்க வேண்டியவைதான். ஆனால் அறுவை சிகிச்சை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதன் பிறகு வருடக்கணக்கில், சில மாதங்களுக்கு ஒருமுறை, தேதி தவறாமல் பம்பில் மருந்து நிரப்ப வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து வரலாம். யாருக்குப் பம்ப் வைக்கலாம் என்று முடிவெடுக்கும் அன்றே, யார் அதை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள் என்பதும் முடிவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். கோளாறு தசையில் தொடங்குவதில்லை. ஒரு தசையைச் சட்டென்று இழுத்தால், அதிலிருக்கும் உணர்நரம்பு தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தண்டுவடம் அதே தசையை உடனே சுருங்கச் சொல்லும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளுவது இதனால்தான். மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புப் பாதைகள் இந்த அனிச்சைச் செயலை எப்போதும் அடக்கி வைத்திருக்கின்றன. தண்டுவடத்தில் அடிபட்டாலோ, பக்கவாதம் வந்தாலோ, பிறக்கும் சமயத்தில் மூளைக்குப் பாதிப்பு ஏற்பட்டுப் பெருமூளை வாதமாக மாறினாலோ, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயில் நரம்புகளின் உறை அழிந்தாலோ, அந்தக் கட்டுப்பாடு கீழே வந்து சேர்வதில்லை. தண்டுவடம் தன்னிச்சையாக, தேவைக்கு மேல், தசைகளைச் சுருங்கச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-ல் இதற்குக் கொடுத்த வரையறைதான் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதன் மையம் வேகம். மெதுவாக நீட்டினால் விட்டுக்கொடுக்கும் கால், வேகமாக நீட்டினால் பூட்டிக்கொள்ளும். பார்க்கின்சன் நோயில் வரும் இறுக்கம் அப்படியில்லை. வேகமாக அசைத்தாலும் மெதுவாக அசைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? தொடைகள் இரண்டும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு பிரிய மறுக்கும். டயப்பர் மாற்ற இரண்டு பேர் வேண்டியிருக்கும். குளிப்பாட்டும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டவுடன் உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும். சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் இடுப்பு முன்னால் சறுக்கிச் சறுக்கி வரும். ராத்திரியில் போர்வை உரசினாலே கால் உதறும். தூங்கியவர் விழித்துக்கொள்வார், அவரோடு பராமரிப்பவரும். இறுக்கம் நாள்பட நாள்பட மூட்டு மடங்கிய நிலையிலேயே நின்றுபோகும், அழுத்தம் விழும் இடத்தில் படுக்கைப் புண் வரும்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, இத்தனை நாள் ஓரளவு கட்டுக்குள் இருந்த விறைப்பு திடீரென்று அதிகமானால், மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் என எதுவாகவும் இருக்கலாம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு வலி தெரியாது. அவருடைய உடம்பு விறைப்பாக மட்டும்தான் அதைச் சொல்லும். இதைக் கவனிக்காமல் நேரே பம்ப் வரை போவது தவறு.

இரண்டாவது, விறைப்பு எல்லோருக்கும் பகை கிடையாது. கால் தசைகளில் சொந்த பலம் குறைந்தவர் அந்த விறைப்பை ஊன்றித்தான் எழுந்து நிற்பார், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவார். அதை முழுக்க எடுத்துவிட்டால் அடியில் மறைந்திருந்த பலவீனம் வெளியே வந்து, நேற்று வரை நின்றவர் இன்று நிற்க முடியாமல் போகலாம். ஆகவே நல்ல மருத்துவக் குழு முதலில் கேட்பது, ‘இந்த விறைப்பு உங்களை என்ன செய்யவிடாமல் தடுக்கிறது, எதற்கு உதவுகிறது?’ என்பதைத்தான்.

இனி மருந்தின் கதை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் ஹைன்ரிஷ் கெபர்லே 1962-ல் பாக்லோஃபெனை உருவாக்கினார். நோக்கம் வலிப்பு நோய்க்கு மருந்து காண்பது. நரம்பு மண்டலத்தில் அடக்கும் வேலையைச் செய்யும் ‘காபா’ என்ற வேதிப்பொருளைப் போன்ற ஒன்றை மூளைக்குள் அனுப்புவதுதான் யோசனை. வலிப்பில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஆனால் தசை விறைப்பு குறைவது தெரிந்தது. 1970-களில் அதற்கான மாத்திரையாகவே சந்தைக்கு வந்தது. இந்த மருந்து காபா-பி என்ற வகை ஏற்பியை, அதாவது நரம்பு செல்லில் காபா வந்து ஒட்டும் இடத்தை, தூண்டுகிறது என்பது பிரிட்டிஷ் ஆய்வாளர் நார்மன் பவரியும் உடன் வேலை செய்தவர்களும் 1980 வாக்கில் செய்த ஆய்வுகளில்தான் தெளிவானது. அந்த ஏற்பிகள் தண்டுவடத்தில் நிறைய இருக்கின்றன. தசையிலிருந்து வரும் உணர்நரம்பின் முனையில் பாக்லோஃபென் போய் உட்கார்ந்தால், கால்சியம் உள்ளே நுழைவது குறைகிறது, நரம்பு வெளியிடும் தூண்டுபொருளும் குறைகிறது. தேவைக்கு மேல் கத்திக்கொண்டிருந்த அனிச்சைச் செயல் அடங்குகிறது.

சிக்கல் வழியில்தான். வாயால் சாப்பிட்ட பாக்லோஃபென் ரத்தத்தில் நன்றாகவே கலக்கும். ஆனால் ரத்தத்துக்கும் மூளை, தண்டுவடத்துக்கும் இடையில் இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே போவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் தண்டுவடத்துக்கு மட்டும் போகாமல் மூளைக்கும் போவதால் தூக்கமும் மந்தமும் வருகின்றன. அளவைக் கூட்டினால் பலனும் தூக்கமும் சேர்ந்தே கூடும்.

சரி, தடுப்பைச் சுற்றிக்கொண்டு போக முடியுமா? சிகாகோவின் ரஷ் மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவை நிபுணர் ரிச்சர்ட் பென்னும் ஆய்வாளர் ஜெஃப்ரி க்ரோயினும் அதைச் செய்து பார்த்து, 1984-ல் லான்செட் இதழில் முதல் முடிவைத் தெரிவித்தார்கள். முதுகெலும்புக்குள் இருக்கும் திரவத்தில் சில பத்து மைக்ரோகிராம் சேர்த்ததுமே விறைப்பு தளர்ந்தது. தொடர்ந்து கொடுக்கக் கருவி வேண்டுமே. உடம்புக்குள் பொருத்தும் பம்ப் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பெரி பிளாக்ஷியர், ஹென்றி புக்வால்ட் ஆகியோரின் குழு 1970-களில் வாயுவின் அழுத்தத்தால் இயங்கும் பம்பை உருவாக்கி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைச் செலுத்தப் பயன்படுத்தியிருந்தது. பிறகு வந்தவை பேட்டரியில் இயங்குபவை, வெளியிலிருந்து அளவை மாற்றக்கூடியவை.

1989-ல் பென் குழு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வுதான் திருப்பம். தண்டுவடக் காயமோ மல்டிபிள் ஸ்கிளரோசிஸோ காரணமாக விறைப்பு வந்து, மாத்திரைக்கு மசியாத 20 பேர் அதில் இருந்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புநீர், பிறகு மாற்றி; யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. விறைப்பை அளக்க ஆஷ்வொர்த் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். அதில் 1 என்றால் இயல்பு, 5 என்றால் மடக்கவே முடியாத விறைப்பு. சராசரி 4.0 ஆக இருந்தது 1.2-க்கு இறங்கியது. 20 பேருக்குமே இறங்கியது. மருத்துவத்தில் இப்படி ஒருவர் விடாமல் பலன் தெரிகிற ஆய்வுகள் அபூர்வம். 1992-ல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ, தண்டுவடத்தால் வரும் விறைப்புக்கு இந்தச் சிகிச்சையை அனுமதித்தது. பிட்ஸ்பர்க்கில் லேலண்ட் ஆல்பிரைட் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளிடம் செய்த வேலை வழிகாட்ட, 1996-ல் மூளைப் பாதிப்பால் வரும் விறைப்புக்கும் அனுமதி நீண்டது.

இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அறுவை சிகிச்சைக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிடலாம் என்பது. பெரிய அறுவை சிகிச்சைகள் பலவற்றில் முடித்த பிறகுதான் பலன் தெரியும். இங்கே ஒருநாள் ஒத்திகை உண்டு.

காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்து இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டி எண் குறித்துக்கொள்வார். நடக்கிறவர் என்றால் நடையை வீடியோ எடுப்பார்கள். அப்புறம் கீழ்முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத் திரவத்தில் 50 மைக்ரோகிராம் பாக்லோஃபெனைச் செலுத்துவார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும்; நான்கு மணி நேரம் ஆகும்போது உச்சத்துக்கு வரும்; நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். இடையில் மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று அதே மூட்டுகளை அதே ஆள் அதே மாதிரி மடக்கிப் பார்ப்பார். காலையில் இரண்டு கைகளாலும் தள்ளினால்கூடப் பிரியாத தொடைகள் மதியம் ஒரு கை பட்டதும் விலகும். மூச்சு, ரத்த அழுத்தம், விழிப்பு நிலை எல்லாவற்றையும் கூடவே கவனிப்பார்கள். 50-க்கு அசையவில்லை என்றால் குறைந்தது 24 மணி நேரம் கழித்து 75, அதற்கும் இல்லையென்றால் மறுபடி 24 மணி நேரம் விட்டு 100. அதற்கும் அசையாதவருக்குப் பம்ப் வைப்பதில்லை.

இந்த ஒத்திகைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் குடும்பம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரே மூச்சில் போகும் ஊசி மருந்து கால்களைத் துவள விட்டுவிடலாம். நடக்கிற பிள்ளை அன்று நடக்க முடியாமல் திணறலாம். பம்ப் அதே மருந்தை நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பரப்பித் தருவதால் அளவை நுணுக்கமாகச் சரிசெய்ய இடம் இருக்கிறது. மறுபக்கம், வருடக்கணக்காக மடங்கியே இருந்து தசைநாரே குட்டையாகிவிட்ட மூட்டு எந்த மருந்துக்கும் நீளாது. அது எலும்பு அறுவை நிபுணரின் வேலை.

சோதனையில் தேறியவருக்கு அறுவை சிகிச்சை. உள்ளங்கையளவு வட்டமான டைட்டானியம் பம்பை வயிற்றின் ஒரு பக்கத்தில் தோலுக்கு அடியிலோ, மெலிந்த பிள்ளைகளுக்குத் தசையின் மேலுறைக்கு அடியிலோ வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் விலாப் பக்கமாகத் தோலுக்கு அடியிலேயே சுற்றி முதுகுக்குப் போய், முதுகெலும்புக்குள் நுழையும். குழாயின் நுனி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது முக்கியம். கால்களுக்கு மட்டும் என்றால் நெஞ்சு முதுகெலும்புகளின் கீழ்ப்பகுதி போதும்; கைகளுக்கும் வேண்டும் என்றால் மேலே கழுத்தின் அடிவரை கொண்டுபோவார்கள். இடுப்பு மட்டத்தில் மருந்து விடும்போது அங்கிருக்கும் செறிவு மூளையின் அடிப்பகுதியில் இருப்பதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. கால் தளர்ந்தும் தலை தெளிவாக இருப்பதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மிகவும் புழக்கத்தில் இருக்கும் மெட்ரானிக் நிறுவனத்தின் சிங்க்ரோமெட் பம்புகள் 20 மி.லி., 40 மி.லி. என்று இரண்டு கொள்ளளவில் வருகின்றன. ஒரு மி.லி.க்கு 2000 மைக்ரோகிராம் என்ற செறிவில் 40 மி.லி. நிரப்பினால் மொத்தம் 80,000 மைக்ரோகிராம். நாளுக்கு 500 என்றால் 160 நாள். பம்ப் ஒரு நாள் முழுக்க வெளியே விடும் திரவம் கால் மி.லி. மட்டும்தான். அதையே 500 மைக்ரோகிராம் செறிவில் 20 மி.லி. நிரப்பினால் 20 நாளில் காலி. அதனால் பெரும்பாலும் செறிவான மருந்துக்கு மாறுவார்கள். மாறும் அன்றுதான் கவனம் அதிகம் வேண்டும்: செறிவு நான்கு மடங்காகிவிட்டதைப் பம்பின் நிரலில் மாற்ற மறந்தால் நோயாளிக்குப் போகும் அளவும் நான்கு மடங்காகும்.

பம்பின் அளவை வயிற்றின் மேல் வைக்கும் ஒரு கருவியால் வெளியிலிருந்தே மாற்றலாம். ராத்திரி இழுப்பு அதிகம் உள்ளவருக்குத் தூங்கும் நேரத்தில் கொஞ்சம் கூட்டி, பகலில் கட்டிலிலிருந்து மாற விறைப்பு தேவைப்படும் நேரத்தில் குறைத்து வைக்கலாம். மாத்திரையால் இது நடக்காது. சரியான அளவுக்கு வந்து சேரச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களில் பிசியோதெரபியும் கூடவே நடந்தால்தான் தளர்ந்த தசையை வைத்து எதையாவது புதிதாகச் செய்ய முடியும்.

மருந்து நிரப்புவதைப் பார்த்தால் எளிதாகத் தோன்றும், அரை மணி நேர வேலை. முதலில் பம்பிடமே கேட்பார்கள்: இப்போது உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும்? திரையில் ஓர் எண் வரும், உதாரணமாக 4 மி.லி. வயிற்றைத் துடைத்துச் சுத்தம் செய்து, பம்பின் விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, நடுவில் ஓட்டையுள்ள அச்சுத் தகட்டை வைத்து, ரப்பர் மூடியைக் கிழிக்காத தனி வகை ஊசியை உள்ளே விடுவார்கள். ஊசி உலோகத்தில் இடித்து நிற்பது கைக்குத் தெரியும். மிச்ச மருந்தை உறிஞ்சி எடுத்து அளப்பார்கள். திரையில் 4 என்று வந்து, கையில் 4-ஐ ஒட்டி வந்தால் நிம்மதி. 12 வந்தால் மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை, பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதன் பிறகு புதிய மருந்தை வடிகட்டி வழியாக மெதுவாக ஏற்றி, நடுநடுவே கொஞ்சம் பின்னால் இழுத்து, ஊசி பம்புக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வார்கள். கடைசியில் அடுத்த நிரப்பலுக்கான தேதி. நோயாளி கையில் அந்தத் தேதி எழுதிய தாள் இருக்க வேண்டும்.

ஊசி தவறிப் பம்புக்கு வெளியே, தோலுக்கு அடியிலேயே மருந்து போய்விட்டால்? பல மாதத்துக்கான மருந்து சதையில் கொட்டிவிடும். ஆள் மயங்கி, மூச்சு தளர்ந்து, கோமா வரை போகலாம். இந்த ஆபத்தைப் பற்றி 2011-ல் வந்த எச்சரிக்கையை எஃப்டிஏ மிகத் தீவிரமான வகையில் சேர்த்தது. பாக்லோஃபென் அளவுக்கு மீறினால் அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. பம்பை நிறுத்தி, மூச்சுக்குத் துணை கொடுத்து, மருந்து உடம்பைவிட்டுப் போகும் வரை காத்திருப்பதுதான் முக்கிய வழி. நிரப்பிய பிறகு நோயாளியைச் சிறிது நேரம் உட்கார வைத்துக் கவனிப்பது இதற்காகத்தான். அவசரப்பட்டுக் கிளம்பிவிடக் கூடாது.

இதைவிட அதிகமாகப் பேசப்பட வேண்டியது எதிர்ப்பக்க ஆபத்து: மருந்து திடீரென்று நின்றுபோவது. தேதி தவறியிருக்கலாம், குழாய் மடங்கியோ அறுந்தோ பம்பிலிருந்து கழன்றோ இருக்கலாம், பேட்டரி முடிந்திருக்கலாம். தண்டுவடம் பாக்லோஃபெனுக்குப் பழகிப்போயிருக்கும். அது இல்லாதபோது அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக எழும். முதலில் பலருக்குத் தடிப்பு இல்லாத அரிப்பு வரும், கூடவே எரிச்சல், பதற்றம், பழைய விறைப்பு திரும்புதல். கவனிக்காவிட்டால் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் ஏறி இறங்குதல், குழப்பம், வலிப்பு. தசை இறுகி இறுகி நொறுங்கி, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். சந்தைக்கு வந்த முதல் ஒன்பது வருடங்களில் மருந்து நின்றதால் விளைந்த பாதிப்பு என்று 27 பேரைப் பற்றிய தகவல் வந்தது. அவர்களில் 6 பேர் இறந்துபோனார்கள். மருந்தின் தகவல் தாளில் கறுப்புக் கட்டம் கட்டி முதல் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை அச்சாகிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, அவசர சிகிச்சைப் பிரிவில் இதைத் தவறாகப் புரிந்துகொள்ள எவ்வளவு எளிது என்பது. காய்ச்சல், வேகமான இதயத் துடிப்பு, குழப்பம் என்று ஒருவர் வந்தால் யாரும் முதலில் நினைப்பது ரத்தத்தில் தொற்று. வயிற்றில் பம்ப் இருப்பதை யாராவது சொல்ல வேண்டும், அதில் என்ன மருந்து, கடைசியாக எப்போது நிரப்பியது என்றும் சொல்ல வேண்டும். உடனடி மருந்தாக டயசிபாம் வகைகளும் பாக்லோஃபென் மாத்திரையும் கொடுப்பார்கள். ஆனால் மாத்திரை மட்டும் போதாது. தண்டுவடத் திரவத்தில் மறுபடி மருந்து போய்ச் சேர்வதுதான் உண்மையான தீர்வு. பம்ப் வைத்திருப்பவர் வீட்டில் எப்போதும் பாக்லோஃபென் மாத்திரை ஒரு அட்டை இருக்க வேண்டும். பம்ப் விவரம் எழுதிய அடையாள அட்டை பர்ஸிலோ கழுத்திலோ இருக்க வேண்டும். அரிப்பும் விறைப்பும் சேர்ந்து வந்தால் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது.

கருவிகள் பழுதாகும். குழாய்ப் பிரச்சினைதான் அதிகம். பிள்ளைகளுக்குத் தொற்று வர வாய்ப்பு கூடுதல். வந்தால் பெரும்பாலும் பம்பையே எடுக்க வேண்டியிருக்கும். மோட்டாரில் இயங்கும் பம்ப் எம்ஆர்ஐ காந்தத்துக்குள் போனால் நின்றுவிடும். வெளியே வந்ததும் வழக்கமாகத் தானே ஓடத் தொடங்கும், ஆனாலும் தொடங்கியதா என்று கருவி வைத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உற்பத்தித் தரத்திலும் குறைகள் இருந்திருக்கின்றன: 2015 ஏப்ரலில் அமெரிக்க அரசு, சிங்க்ரோமெட் பம்புகளின் தரக் கட்டுப்பாட்டுக் குறைகளுக்காக மெட்ரானிக் நிறுவனத்தின் மீது நீதிமன்றம் வழியாக நடவடிக்கை எடுத்தது. குறைகள் சரியாகும் வரை, மருத்துவ ரீதியில் தவிர்க்க முடியாதவர்களுக்குத் தவிர மற்றபடி உற்பத்தியையும் விநியோகத்தையும் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடானது. வேறு நல்ல வழியில்லாத நோயாளிகள் இருந்ததால்தான் அந்த விதிவிலக்கு.

பலன் எவ்வளவு? விறைப்பு குறைகிறது என்பதில் சந்தேகம் இல்லை. 2018-ல் வெளியான சிஸ்டர்ஸ் என்ற ஆய்வில், பக்கவாதத்துக்குப் பிறகு கடும் விறைப்பு வந்த 60 பேரைப் பம்ப், மாத்திரை என இரண்டு குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பார்த்தார்கள். கால்களின் ஆஷ்வொர்த் மதிப்பு பம்ப் குழுவில் சராசரியாக 0.99 குறைந்தது, மாத்திரைக் குழுவில் 0.43. பக்க விளைவுகள் பம்ப் குழுவில்தான் அதிகம். ஆனால் விறைப்பு குறைவது ஒன்று, நடை மேம்படுவது இன்னொன்று. நடக்காதவர் பம்ப் வைத்ததும் எழுந்து நடப்பார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சக்கர நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடிவது, வலி குறைவது, ராத்திரி தூங்குவது, குளிப்பாட்டவும் உடை மாற்றவும் ஒரு ஆள் போதும் என்றாவது, இவைதான் உறுதியாக எதிர்பார்க்கக்கூடியவை. இவை சின்ன விஷயங்கள் இல்லை. பத்து வருடமாக ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து பிள்ளையைத் திருப்பிப் போடும் அம்மாவிடம் கேட்டால் தெரியும்.

நம் ஊரில் இதன் நிலைமை கடினம். பம்பின் விலையே பல லட்சம் ரூபாய். வைக்கவும் நிரப்பவும் பழகிய குழுக்கள் பெருநகரங்களில்தான், அங்கும் சில இடங்களில்தான். தொலைவில் உள்ள ஊரிலிருந்து ஐந்து மாதத்துக்கு ஒருமுறை, நாற்காலியோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அந்தச் சமயத்தில் மருந்தும் இருப்பில் இருக்க வேண்டும். பம்ப் வாங்கப் பணம் திரட்டிவிடலாம். பல வருட நிரப்பலுக்கு ஏற்பாடு செய்வது அதைவிடப் பெரிய வேலை. அந்த ஏற்பாடு இல்லாமல் பம்ப் மட்டும் வைத்தால், மேலே சொன்ன ஆபத்தை விலை கொடுத்து வாங்கியதாகிவிடும்.

மற்ற வழிகளைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஒரு சில தசைகளில் மட்டும் விறைப்பு என்றால் அந்தத் தசையை மட்டும் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி பொருத்தமானது; சுமார் மூன்று மாதம் நிற்கும். நரம்பில் போடும் ஃபீனால் ஊசி மிகவும் மலிவு, கை தேர்ந்தவர் போட்டால் நல்ல பலன். பெருமூளை வாதத்தில் கால்கள் மட்டும் விறைத்து, ஓரளவு நடக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத் தண்டுவடத்துக்குப் போகும் உணர்நரம்பு இழைகளில் சிலவற்றைத் தேர்ந்து வெட்டும் அறுவை சிகிச்சை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வாரிக் பீகாக் 1980-களில் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெட்டியதை ஒட்ட முடியாது, அது அதன் பாரம். ஆனால் நிரப்பல் இல்லை, பேட்டரி இல்லை. மருத்துவமனைக்கு வெகுதூரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு, பிள்ளையின் நிலை இரண்டுக்கும் பொருந்துமானால், இதைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது.

பேட்டரி ஏறக்குறைய ஏழு வருடம் வரும். அதன் பிறகு பம்பையே மாற்ற வேண்டும், அதாவது இன்னொரு அறுவை சிகிச்சை. ஆறு வயதில் பம்ப் வைத்த பிள்ளைக்கு முப்பது வயதுக்குள் மூன்று தடவையாவது மாற்ற வேண்டிவரும். மாற்றும் சமயம் வரும்போது மறுபடி எல்லாவற்றையும் பேசிப் பார்ப்பது நல்லது: பம்ப் இன்னும் உதவுகிறதா, தேவைகள் மாறியிருக்கின்றனவா, நிரப்பக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு வயதாகிவிட்டதா. சிலர் புதிய பம்ப் வைத்துக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. அப்படியானால் பேட்டரி தீரும்வரை விட்டுவைக்காமல், வாரக்கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைத்து, தேவைப்பட்டால் மாத்திரையைக் கூடவே சேர்த்து, விறைப்பு எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பம்பை எடுப்பார்கள்.